அந்தம்மாவின் பெயர் கொரெட்டா: தமிழ் அலைவரிசைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலைவரிசையின் தமிழ் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் வசன வரிப் பிரிவின் ஆசிரியர்களுக்கும்,

பதினான்கு வருடமாகக் கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் வசன வரி, அதாவது திரையின் கீழே ஓடும் எழுத்து, எழுதி வருகிறேன். உங்களுக்கும் எழுதியிருக்கிறேன். உங்கள் நிலையத்தின் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரு படத்துக்கு நான் எழுதிய வரிகளை நீங்கள் மாற்றிப் போட்டது பற்றி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு மூன்று வரியில் பதில் வந்தது. நேயர்களுக்குப் புரிவதற்காக எளிமைப்படுத்தினோம், பெண் பாத்திரங்களுக்கு ‘ஆள்’ விகுதி போடுவது எங்கள் நடைமுறை, மறுஒளிபரப்பு நேரத்துக்கேற்பச் சுருக்கப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று வரியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

படம் எது என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட பிறகு அவர் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் பொதுவாழ்வில் என்னென்ன செய்தார் என்பதைச் சொல்லும் ஒரு தொலைக்காட்சிப் படம். 1968 ஏப்ரல் 4-ல் தொடங்கி 2006 ஜனவரியில் முடிகிறது. கணவர் போன பிறகு அந்தம்மா வாழ்ந்த ஏறக்குறைய 38 ஆண்டுகள்தான் கதை. கிங் உயிரோடு வருவது சில நிமிடங்கள் மட்டுமே. நான் கொடுத்த தமிழ்த் தலைப்பு ‘கொரெட்டா’. திரையில் வந்த தலைப்பு ‘மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி’.

படம் ஒளியேறிய இரவு நான் செந்தூலில் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு எண்பது வயது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். கண்ணில் அறுவை செய்த பிறகு எழுத்து நன்றாகத் தெரிகிறது. நான் எழுதிய படம் வந்தால் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். ஆங்கிலப் பேச்சு அவர் காதில் பிடிபடாது. அவருக்குக் கீழே ஓடும் வரிதான் படம். அன்றும் படித்தார். “கிங்கின் மனைவி மெம்ஃபிஸ் வந்தாள்.” “கிங்கின் மனைவி பேசுகிறாள்.” “அவள் அழவில்லை.” முதல் வரியைக் கேட்டதுமே எனக்குத் திக்கென்றது. நான் எழுதியது அது இல்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

விளம்பரம் வந்தபோது அம்மா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, அந்தம்மா பேரு என்னா? போடவே இல்லையே” என்றார்.

இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றிய படத்தை முக்கால் மணி நேரம் வரி வரியாகப் படித்தவருக்கு, அந்தப் பெண்ணின் பெயர் தெரியவில்லை. என் அம்மாவுக்குப் படிப்பறிவு குறைவு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் ஒரு வரியையும் விடவில்லை. வரியில் பெயர் இல்லை.

மறுநாள் உங்கள் ஒளிபரப்பின் பதிவை ஒரு பக்கமும் என் கோப்பை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் ஆண்டைத் தவறாக அடித்திருந்தேன், திருத்தியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் நான் ‘கொரெட்டா’ என்று எழுதிய இடமெல்லாம் ‘கிங்கின் மனைவி’ ஆகியிருந்தது. சில இடத்தில் ‘விதவை’. பெயர் தப்பிப் பிழைத்தது மூன்றே இடத்தில், அதுவும் படத்தின் கடைசிப் பகுதியில். நான் ‘வந்தார், சொன்னார், நடந்தார்’ என்று எழுதியதெல்லாம் ‘வந்தாள், சொன்னாள், நடந்தாள்’ என்று மாறியிருந்தது. அதே திரையில், அடுத்த வரியிலேயே, மேயர் வந்தார், செனட்டர் மறுத்தார், பாதிரியார் ஜெபித்தார். காவல்துறை அதிகாரி கூட ‘தடுத்தார்’. அந்தம்மா மட்டும் ‘நின்றாள்’.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காட்சியில் பெட்டி ஷபாஸ் வருகிறார். அவர் கணவர், கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், 1965 பிப்ரவரியில் சுடப்பட்டபோது வீட்டில் நான்கு பெண் பிள்ளைகள், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். ஆறு பேரையும் வளர்த்துக்கொண்டே படித்து 1975-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். புரூக்ளினில் மெட்கர் எவர்ஸ் கல்லூரியில் வேலை பார்த்தார். ஆங்கில வசனத்தில் அவரை ‘டாக்டர் ஷபாஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதினேன். நீங்கள் போட்டது ‘மால்கமின் விதவை’. கிங்குக்கு மட்டும் ‘டாக்டர்’ படம் முழுக்க ஒட்டிக்கொண்டே வருகிறது. இது எப்படி எளிமைப்படுத்தல் ஆகும்? ‘டாக்டர்’ என்ற சொல் நம் நேயர்களில் யாருக்குப் புரியாது?

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு திரைக்கு இரண்டு வரி, அதிகம் போனால் ஆறு நொடி. தமிழ்ச் சொல் நீளமானது. ஒவ்வோர் எழுத்தாக அரிந்து அரிந்துதான் எழுதுகிறோம். இடம் போதவில்லை என்று நீங்கள் ஒரு சொல்லை வெட்டினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். ‘கொரெட்டா’ நான்கு எழுத்து, ‘கிங்கின் மனைவி’ ஏழு எழுத்து. ‘வந்தார்’ நான்கு எழுத்து, ‘வந்தாள்’ அதே நான்கு எழுத்து. இடம் காரணம் இல்லை.

ஆங்கிலத்தில் படர்க்கைப் பெண்ணுக்கு ஒரே சொல். ராணி வந்தாலும் அதுதான், வேலைக்காரி வந்தாலும் அதுதான். தமிழில் அப்படி நழுவ முடியாது. ஒவ்வொரு வினைமுற்றிலும் அவளா, அவரா என்று எழுதுகிறவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். ஒரு படத்துக்கு அப்படி நூற்றுக்கணக்கான முடிவுகள் எடுக்கிறோம். ‘எங்கள் நடைமுறை’ என்று நீங்கள் எழுதியது, அந்த முடிவுகளையெல்லாம் படம் வருவதற்கு முன்பே, யார் எவர் என்று பார்க்காமலே எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் எனக்குச் சொல்கிறது.

‘அவள்’ என்பது கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. அம்மனை ‘வந்தாள்’ என்றுதான் பாடுகிறோம். கதை எழுதுகிறவர்கள் கதைநாயகியை ‘அவள்’ என்று எழுதுகிறார்கள், அது அவர்கள் நடை. தோழி தோழியைச் சொல்லும்போதும், அண்ணன் தங்கையைச் சொல்லும்போதும் ‘அவள்’ தான் அழகு. நானே இந்தப் படத்தில் கொரெட்டாவின் மகள் சின்னப் பிள்ளையாக வரும் காட்சிகளில் ‘தூங்குகிறாள், கேட்கிறாள்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் பக்கத்து வரியில் ஆணுக்கு ‘ஆர்’ போட்டுவிட்டு, நாற்பது வயதுப் பெண்மணிக்கு, நாடே பார்த்துக்கொண்டிருக்கும் மேடையில் ஏறிப் பேசுகிறவருக்கு ‘ஆள்’ போட்டால், அதைப் படிக்கும் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். கணவரை இழந்த பெண்ணை ஊர் எங்கே உட்கார வைக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த இடத்தில் இந்த ‘ஆள்’ இன்னும் ஒரு படி கீழே இறக்குகிறது.

‘விதவை’ என்ற சொல்லில் பொட்டு இல்லை, ‘கைம்பெண்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. நல்ல மனசோடு சொன்னது. ஆனால் இங்கே அந்த இரண்டுமே தேவைப்படவில்லை. அந்தம்மாவுக்குப் பெயர் இருந்தது, அந்தப் பெயரிலும் ஒரு புள்ளி இருக்கிறது.

கிங்கின் மனைவி என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும் என்கிறீர்கள். சரி. முதல் காட்சியில் ஒரு முறை அப்படிச் சொல்லலாம், நானும் சொல்லியிருந்தேன். அதோடு போதும். மனைவி ஆவதற்கு முன்பும் அவர் ஒரு ஆள்தான். 1927-ல் அலபாமாவில் மேரியன் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். சிறுபிள்ளையாகப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர். பாஸ்டனில் வாய்ப்பாட்டுப் படிக்கப் போன இடத்தில்தான் கிங்கைச் சந்தித்தார். 1953-ல் கல்யாணம் நடந்தபோது, கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்ற வாசகத்தை உறுதிமொழியிலிருந்து எடுக்கச் சொன்னவர். 1956-ல் மாண்ட்கமரி வீட்டில் குண்டு வெடித்தபோது கிங் ஒரு கூட்டத்தில் இருந்தார். வீட்டுக்குள் கைக்குழந்தையோடு இருந்தவர் கொரெட்டா. 1959-ல் இருவரும் ஒரு மாதம் இந்தியா சுற்றினார்கள். கிங் பேசினார், கொரெட்டா பாடினார். குமரிமுனை வரை வந்து போனார்கள். 1962-ல் ஆயுதக் குறைப்புப் பேச்சுக்காக ஜெனீவா போன அமெரிக்கப் பெண்கள் குழுவில் அவர் இருந்தார். ஸ்காட் என்ற தன் பிறந்த வீட்டுப் பெயரை அவர் கடைசி வரை விடவில்லை. தமிழில் அதையும் சேர்த்தே துடைத்துவிட்டீர்கள்.

இப்போது மெம்ஃபிஸ் காட்சிக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அந்தக் காட்சிதான்.

கிங் மெம்ஃபிஸ் போனதே குப்பை அள்ளும் தொழிலாளர்களுக்காக. 1968 பிப்ரவரியில் குப்பை லாரியின் அமுக்கும் இயந்திரத்தில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அந்த ஊரில்தான் ஏப்ரல் 4-ஆம் தேதி கிங் சுடப்பட்டார். நடக்கவிருந்த ஊர்வலம் நின்றுபோகும் என்று இருந்த நேரத்தில், ஏப்ரல் 8-ஆம் தேதி, கணவரை அடக்கம் செய்வதற்கு முந்தின நாள், கொரெட்டா தன் பிள்ளைகள் மூவரைக் கூட்டிக்கொண்டு மெம்ஃபிஸ் போய் அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தார். பல்லாயிரம் பேர் பின்னால் நடந்தார்கள். எட்டு நாளில், ஏப்ரல் 16-ஆம் தேதி, தொழிலாளர்கள் கேட்டது கிடைத்து வேலைநிறுத்தம் முடிந்தது.

என் அப்பா கோலாலம்பூரில் துப்புரவுத் தொழிலாளி. விடிவதற்கு முன்பே லாரியில் தொற்றிக்கொண்டு போனவர். தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளர். எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க அதே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள். அந்த அட்டை வாசகத்தைத் தமிழில் எழுதும்போது என் கை கொஞ்ச நேரம் நின்றது. மூன்றே சொல்தான். அதை எழுத எனக்கு ஒரு மாலை ஆனது.

அப்பா 1984-ல் மாரடைப்பில் போனார். அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பாட்டி மலாயில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, “செயலாளர் இருந்தா படிச்சுச் சொல்லுவாரு” என்று சொல்லி அழுதார். அம்மாவுக்கு மலாய் பேசத்தான் தெரியும், படிக்க வராது. என் பள்ளிக்கூட அகராதியை வாங்கி வைத்துக்கொண்டு இராத்திரி முழுக்க ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். அது ஊழியர் சேமநிதிக் கடிதம். இறந்துபோன கணவரின் பணத்தை எடுக்க எந்தெந்தப் பாரம் வேண்டும் என்று இருந்தது. மறுநாள் காலை இரண்டு பேரும் மினி பஸ் ஏறிப் போனார்கள்.

அப்படித் தொடங்கியது இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, ஐசி என்ற அடையாள அட்டை தொலைந்துபோனவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவர்கள், எல்லாரும் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது வந்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள்.

அம்மாவிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடி துருப்பிடித்து, திறந்தால் கீச்சென்று சத்தம் போடும். அதற்குள் அவர் எழுதின கடிதங்களின் கார்பன் நகல்கள். மேலே நீலம் மங்கி, விரல் பட்ட இடமெல்லாம் தேய்ந்திருக்கிறது. இந்தப் படம் ஒளியேறிய மறுவாரம் அதை முழுதாக எடுத்துப் பார்த்தேன். முதல் ஒன்றிரண்டு வருடக் கடிதங்களில் கையெழுத்துக்குக் கீழே ‘மறைந்த கிளைச் செயலாளரின் மனைவி’ என்று இருக்கிறது. கேட்டால், அப்படி எழுதாவிட்டால் கடிதத்தை வாங்கவே மாட்டார்கள் என்றார் அம்மா. கௌண்டரில் முதல் கேள்வியே “இஸ்தெரி சியாப்பா?”, யாருடைய மனைவி, என்பதுதானாம். அப்புறம் 1987-ல் ஒரு கடிதம். அதில் அந்த வரியை எழுதத் தொடங்கி, பாதியில் கோடு போட்டு அடித்திருக்கிறார். கார்பனில் அந்தக் கோடு அழுத்தமாக விழுந்திருக்கிறது. அதன் கீழே அவருடைய பெயர் மட்டும். அதற்குப் பிறகு எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்த வரி இல்லை.

அந்தக் கோட்டைப் போட அவருக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. படத்தில் நீங்கள் செய்தது, அடித்த அந்த வரியை மறுபடி எழுதி, கீழே இருந்த பெயரை அழித்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நாங்கள் எல்லாரும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கட்டின ஒரு மண்டபத்தின் திறப்பு விழா. ரசீதுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் அம்மாவின் கையெழுத்து. விளக்கேற்றச் சுமங்கலிகள் ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவை இரண்டாம் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அம்மா உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தார். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த மேடையில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களும் ‘இது நடைமுறை’ என்றுதான் சொன்னார்கள். உங்கள் மின்னஞ்சலில் அதே சொல்லைப் பார்த்தபோது எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

இது அமெரிக்கக் கதை, நமக்கு அவ்வளவு தேவையா என்றும் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். நம் ஊரிலேயே பாருங்கள். ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூரில் பிறந்தவர். நேதாஜி நன்கொடை கேட்டுப் பேசியதைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். கேப்டன் ஜானகி. ம.இ.கா. என்ற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி தொடங்கியபோதே உடன் இருந்தவர், பிறகு செனட்டர். கணவர் ஆதி நாகப்பன் 1976-ல் காலமானார். அம்மையார் 2014 வரை வாழ்ந்தார். அதுவும் 38 ஆண்டுகள்தான். 2000-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. நாளைக்கு அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தால் ‘ஆதி நாகப்பனின் மனைவி துப்பாக்கி பிடித்தாள்’ என்றா வரி போடுவீர்கள்? போட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் செய்திப் பிரிவும், பிலிப்பைன்ஸின் கொராசோன் அக்கினோவையோ இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்கவையோ சொல்லும்போது பெயரைச் சொல்லி ‘ஆர்’ போட்டுத்தான் படிக்கிறது. இருவருமே கணவர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு அரசியலுக்கு வந்தவர்கள்தான். செய்தியில் முடிகிறது, படத்தில் ஏன் முடியவில்லை?

அடுத்தது மறுஒளிபரப்பு. ஒன்றரை மணி நேரப் படத்தை ஞாயிறு மதியம் ஒரு மணி நேரத்தில் அடக்க, 1968 ஏப்ரல் 9-ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த அடக்கத்தோடு நிறுத்திவிட்டீர்கள். கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியில் கிங்கின் பெட்டி போகிறது, கறுப்பு வலைக்குள் அந்தம்மாவின் முகம், அதோடு படம் முடிந்தது. அதற்குப் பிறகு வருவதுதான் படம். அடக்கம் முடிந்து மூன்று வாரத்துக்குள், 27-ஆம் தேதி, தன் பிறந்தநாளன்று நியூயார்க்கில் வியட்நாம் போருக்கு எதிரான கூட்டத்தில் கணவரின் சட்டைப்பையில் இருந்த குறிப்பை வைத்துக்கொண்டு பேசினார். அடுத்த ஆண்டு சார்ல்ஸ்டனில் மருத்துவமனை ஊழியப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குப் போய் நின்றார். கிங் பிறந்தநாளைத் தேசிய விடுமுறையாக்கக் கேட்டுப் பதினைந்து ஆண்டு அலைந்தார். 1979-ல் அதற்கான மசோதா கீழவையில் ஐந்தே ஓட்டில் தோற்றது. விடவில்லை. அறுபது லட்சம் கையெழுத்து சேர்ந்தது. 1983 நவம்பரில் ரீகன் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறியை எதிர்த்துப் பிள்ளைகளோடு கைதானார்.

கடைசிக் காட்சியை நான் மூன்று முறை திருத்தி எழுதினேன். 1968-ல் கிங்குக்கு அரசு மரியாதை செய்ய ஜார்ஜியா மாநில ஆளுநர் மறுத்தார். 2006-ல் கொரெட்டா காலமானபோது அதே மாநிலத்தின் சட்டமன்ற மண்டபத்தில் அவர் உடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த மரியாதை பெற்ற முதல் பெண் அவர், முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். ஞாயிறு மதியம் படம் பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. கணவனைப் புதைத்ததோடு பெண்ணின் கதை முடிந்துவிட்டது என்று பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

படம் முடிந்து ‘தமிழ் வசன வரி’ என்று என் பெயர் வந்தது. பதினான்கு வருடத்தில் முதல் முறையாக அதைப் பார்த்து எனக்குக் கூசியது. உறவினர் இரண்டு பேர் கூப்பிட்டு, “நீயா அப்படி எழுதின?” என்று கேட்டார்கள்.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

படத்தின் தமிழ்த் தலைப்பை மாற்றுங்கள். ‘கொரெட்டா’ வேண்டாம் என்றால் ‘கொரெட்டா ஸ்காட் கிங்’ என்று போடுங்கள், அது இன்னும் நல்லது. வரிகளில் அவர் பெயரையும், பெட்டி ஷபாஸின் ‘டாக்டர்’ பட்டத்தையும், இருவருக்கும் உரிய ‘ஆர்’ விகுதியையும் திரும்பப் போடுங்கள். என் மூலக்கோப்பு உங்களிடம் இருக்கிறது. மறுபடி சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்றால் நான் காசு வாங்காமல் செய்து தருகிறேன். இரண்டு நாள் போதும்.

பெண் பாத்திரங்களுக்கு ‘ஆள்’ என்ற அந்த நடைமுறையை எழுத்தில் ரத்து செய்யுங்கள். யாருக்கு ஆர், யாருக்கு ஆள் என்பதை வயது, உறவு, இடம் பார்த்து எழுதுகிறவரே முடிவெடுக்கட்டும். பொதுவாழ்வில் இருந்தவர்கள் என்றால் ஆணுக்கு என்ன விகுதியோ பெண்ணுக்கும் அதே விகுதி. இதை உங்களுக்கு எழுதும் எல்லா மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அனுப்புங்கள். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் பழைய குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

படத்தை முழுதாக, வெட்டாமல், மக்கள் டிவி பார்க்கும் இரவு நேரத்தில் ஒரு முறையாவது மறுபடி ஒளியேற்றுங்கள். நேரத்துக்குள் அடங்காது என்றால் இரண்டு வாரமாகப் பிரித்துப் போடுங்கள். பிரிப்பதாக இருந்தால் மெம்ஃபிஸ் ஊர்வலத்தோடு முதல் பகுதியை நிறுத்துங்கள், அடக்கத்தோடு நிறுத்த வேண்டாம்.

இனிமேல் வரிகளில் ஆட்களின் பெயரையோ பட்டத்தையோ விகுதியையோ மாற்றுவதாக இருந்தால், ஒளியேறும் முன்பே எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திருத்தம் முடியும் வரை இப்போதுள்ள பதிப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இதற்கு ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். இதனால் எனக்கு உங்களிடம் வேலை வராமல் போகலாம், அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

மறுபடி ஒளியேறும் தேதி முடிவானதும் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் இன்னும் முழுப் படத்தையும் சரியாகப் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
உங்களுக்கு வசன வரி எழுதும் ஒருவர்
செந்தூல், கோலாலம்பூர்